டிஷ்வாஷர் விமர்சனம்: கதவின் பளபளப்பை விடுங்கள், அடியில் உள்ள குழியைப் பாருங்கள்

டிஷ்வாஷர் வாங்கப் போகிறவர் கதவின் நிறத்தையும், எத்தனை புரோகிராம் இருக்கிறது என்பதையும் பார்ப்பார். வாங்கி மூன்று வருடம் ஓட்டியவர் கேட்கும் கேள்விகளே வேறு. ஃபில்டர் ஒரு கையால் கழன்று வருமா? வடிகால் பம்பின் மூடியை வீட்டிலேயே எடுக்க முடியுமா? கடின நீரை மென்மையாக்க உப்புப் போடும் அறையின் மூடி சரியாக உட்காருமா? ஓர் இயந்திரத்தோடு நிம்மதியாகக் காலம் தள்ளலாமா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. அதனால் இந்த மதிப்பீடு பழுதுகளின் வழியாகவே போகிறது: எது எங்கே அடைத்துக்கொள்ளும், ஏன், வீட்டில் எதுவரை கை வைக்கலாம், எந்த அமைப்பு அந்த வேலையைச் சுலபமாக்குகிறது.

பேசப்படுவது 60 சென்டிமீட்டர் அகலத்தில் 12 முதல் 14 பேருக்கான பாத்திரம் பிடிக்கும் வழக்கமான வீட்டு மாடல். 45 செ.மீ. ஒல்லி மாடலுக்கும், மேடைமேல் வைக்கும் சிறிய மாடலுக்கும் உள்ளுறுப்புகள் ஏறக்குறைய இவையே.

இன்றைய இயந்திரம் ஒரு முழுக் கழுவலுக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர்தான் எடுக்கிறது. அதையும் மொத்தமாக எடுப்பதில்லை. ஒரு தடவைக்கு மூன்று நான்கு லிட்டர். அந்தக் கொஞ்சத் தண்ணீரையே சர்க்குலேஷன் பம்ப் திரும்பத் திரும்ப உறிஞ்சி, சூடேற்றி, மேலேயும் கீழேயும் சுழலும் ஸ்ப்ரே ஆர்ம் வழியாகப் பீய்ச்சுகிறது. பாத்திரத்தில் பட்டு விழும் தண்ணீர் ஃபில்டரைக் கடந்து மறுபடி பம்புக்குப் போகிறது. ஜோசஃபின் காக்ரேன் 1886 டிசம்பரில் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலும் அடிப்படை இதுதான்: கம்பிச் சட்டத்தில் அடுக்கிய தட்டு, அதன்மேல் வேகமாக அடிக்கும் சோப்புத் தண்ணீர். தேய்க்கும் பிரஷ் என்று எதுவும் கிடையாது. அடிக்கும் தண்ணீரின் வேகம், சூடு, சோப்பு இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆகவே எந்தக் கோளாறானாலும் தண்ணீர் உள்ளே நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம்வரை அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள். சர்க்யூட் போர்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

தண்ணீர் வடியாமல் நிற்கிறது

அடிக்கடி வரும் புகார் இது. முதலில் ஒரு விஷயம்: ஃபில்டருக்குக் கீழே குழியில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் நிற்பது பழுதல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் காய்ந்துபோகாமல் இருக்க அது தேவை. ஃபில்டரைத் தாண்டி தொட்டியின் தரையில் தண்ணீர் தேங்கினால்தான் கோளாறு. போஷ் இயந்திரங்களில் இது பெரும்பாலும் இ24 என்றும், எல்ஜியில் ஓஇ என்றும் திரையில் வரும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். கீழ் ரேக்கை வெளியே எடுத்து, நிற்கும் தண்ணீரைக் குவளையால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சில் ஒற்றி எடுங்கள். உருளை வடிவ ஃபில்டரை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். அதன் கீழே தட்டையான வலை ஒன்று இருக்கும், அதையும் எடுங்கள். குழாயடியில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கம்பி நாரால் தேய்த்தால் நுண்வலை கிழிந்துவிடும். கிழிந்த வலை வழியாகப் போகும் துணுக்குகள் நேராகப் பம்புக்குள் போய்ச் சேரும்.

இனி குழிக்குள் பாருங்கள். பல மாடல்களில் ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் மூடி ஒன்று தெரியும். அதுதான் வடிகால் பம்பின் மூடி. கரண்டிக் காம்பால் நெம்பியோ ஒரு திருகாணியைக் கழற்றியோ எடுக்கலாம். உள்ளே நாணயம் அளவில் ஓர் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சிறு இறக்கைச் சக்கரம். கையுறை போட்டுக்கொண்டு, முதலில் இடுக்கியால் துழாவுங்கள்; உடைந்த கண்ணாடிச் சில்லு ஒளிந்திருக்கும் இடம் இதுவே, கலங்கிய தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது. விதை, பல்குத்தும் குச்சி, பாட்டிலிலிருந்து உரிந்த லேபிள் இவையெல்லாம் இங்கேதான் வந்து சிக்கும். பிறகு இம்பெல்லரை விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நல்ல பம்பில் அது வழவழவென்று ஓடாது; காந்தம் பிடித்துப் பிடித்து விடுவதுபோலத் தத்தித் தத்திச் சுழலும். அந்தத் தத்தலைப் பழுதென்று நினைத்துப் பம்பையே மாற்றிவிடுபவர்கள் உண்டு. எந்தப் பிடிப்பும் இல்லாமல் காற்றாடிபோலச் சுற்றினால் இம்பெல்லர் அச்சிலிருந்து விட்டுவிட்டது. துளிகூட அசையவில்லை என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது அச்சு இறுகிவிட்டது. மூடியைத் திரும்பப் பொருத்தும்போது 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். அது சரியாக உட்காராவிட்டால் பம்ப் ஓடும், தண்ணீர் மட்டும் போகாது.

பம்ப் சுத்தமாக இருந்தும் வடியவில்லையா? வடிகால் ஹோஸின் நுனியை சிங்க் அடியிலிருந்து கழற்றி ஒரு வாளியில் விட்டு, வடிக்கும் கட்டத்தை ஓடவிடுங்கள். தண்ணீர் வேகமாகக் கொட்டினால் இயந்திரத்தில் குற்றமில்லை. சிங்க்கின் வளைகுழாயில் கொழுப்பு அடைத்திருக்கிறது. புதிதாகப் பொருத்திய உடனே வடியவில்லை என்றால், சிங்க் குழாயிலோ கழிவு அரைக்கும் இயந்திரத்திலோ உள்ள இணைப்பு வாயைத் துளையிடாமல் அப்படியே மாட்டியிருப்பார்கள். அந்த வாய் தயாரிப்பிலேயே பிளாஸ்டிக்கால் மூடியிருக்கும். தட்டி எடுத்துவிட்டுத்தான் ஹோஸை மாட்ட வேண்டும். தண்ணீர் வாளியில் மெலிதாக மட்டும் விழுந்தால் ஹோஸ் மடங்கியிருக்கிறது, அல்லது அதன் உட்சுவரில் கொழுப்பு படிந்திருக்கிறது. இயந்திரத்தை அலமாரிக்குள் கடைசியாகத் தள்ளும் அந்த ஒரு தள்ளில் பின்னால் ஹோஸ் நசுங்குவது சகஜம்.

வடித்து முடித்துச் சில மணி நேரம் கழித்து அழுக்குத் தண்ணீர் திரும்ப வந்து நிற்பது தனிக் கேஸ். ஹோஸ் தரையோடு தரையாகக் கிடந்து நேராக சிங்க் குழாயில் சேர்ந்தால் சிங்க் தண்ணீர் பின்னோக்கி வரும். ஹோஸின் ஒரு வளைவை மேடையின் அடிப்பகுதி வரை உயர்த்திக் கட்டுங்கள். பொதுவாகத் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் குறையாமலும் ஒரு மீட்டரைத் தாண்டாமலும் இருந்தால் சரி. அந்த வளைவு இருந்தும் திரும்பி வந்தால் பம்ப் வாயிலுள்ள ஒருவழி வால்வின் ரப்பர் மடல் சரியாக மூடவில்லை.

தண்ணீர் வரவில்லை, அல்லது வந்துகொண்டே இருக்கிறது

குழாய் மூடியிருப்பதுதான் முதல் காரணம். எளிமையானதென்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்தது, உள்ளே வரும் ஹோஸின் முனையில் உள்ள சின்ன வடிகட்டி வலை. மணலும் துருவும் சேர்ந்தால் ஒரு மெல்லிய படலமே வரத்தைப் பாதியாக்கிவிடும். இடுக்கியால் இழுத்து எடுத்துக் கழுவி மாட்டுங்கள்.

வலை சுத்தமாக இருந்தால் அழுத்தத்தைப் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்கள் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார். தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீராக இருந்தால் இது 5 மீட்டர் உயரத்துக்குச் சமம். அதற்குக் கீழே தொட்டி இருந்தால் அழுத்த பம்ப் இல்லாமல் முடியாது. ஹோஸ் மாட்டும் குழாயைத் திறந்து ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 10 லிட்டர் நிரம்பினால் கவலையில்லை.

நிரம்பும் நேரத்திலேயே சிங்க் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா? வடிகால் ஹோஸ் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு வெளியேறுகிறது. இயந்திரம் நிரப்பிக்கொண்டே இருக்கும், கடைசியில் தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டும். உள்வரும் வால்வை மாற்றினாலும் இது தீராது. ஹோஸை உயர்த்தினால் தீர்ந்துவிடும்.

வடிகால் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது வேறு எச்சரிக்கை. தொட்டிக்குக் கீழே உள்ள தட்டில் கசிந்த தண்ணீர் சேர்ந்து, அங்கிருக்கும் மிதவை எழும்பி ஒரு சிறு ஸ்விட்சை அழுத்தியிருக்கிறது. வெள்ளத்தைத் தடுக்க இயந்திரம் எடுக்கும் தற்காப்பு இது. போஷில் இ15 என்று வரும். மின்சாரத்தையும் குழாயையும் மூடி, இரண்டு பேர் சேர்ந்து இயந்திரத்தை முன்பக்கம் சாய்த்தால் தட்டிலுள்ள தண்ணீர் வெளியே வரும், பிழையும் மறையும். இணையத்தில் இதையே முழுத் தீர்வாகச் சொல்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். தண்ணீர் எங்கிருந்தோ வந்திருக்கிறது. கசியும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டால் சில நாளில் அதே எண் திரும்ப வரும். நுரை பொங்கி வழிந்ததால் மட்டும் தண்ணீர் இறங்கியிருந்தால்தான் ஒரு சாய்ப்போடு முடியும்.

பாத்திரம் சுத்தமாக வரவில்லை

'சுத்தமாக இல்லை' என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் தெரியாது. என்ன மாதிரி அழுக்கு, எந்த ரேக்கில், என்று பார்த்தால் பழுது தன் பெயரைத் தானே சொல்லிவிடும்.

மணல்போலத் துணுக்குகள் எல்லாப் பாத்திரத்திலும் ஒட்டியிருந்தால் ஃபில்டர் நிறைந்திருக்கிறது, அல்லது இறுக்கமாகப் பூட்டப்படவில்லை. மேல் ரேக் மட்டும் அழுக்காக இருந்தால் மேல் ஆர்முக்குத் தண்ணீர் போகவில்லை: பின்புறக் குழாய் வாயோடு ரேக் சரியாகச் சேரவில்லை, பெரும்பாலும் ரேக்கை உயர்த்தி இறக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறி நின்றிருக்கும். கீழே ஒரே இடத்தில் மட்டும் அழுக்கென்றால் ஏதோ பெரிய பாத்திரமோ நீண்ட கைப்பிடியோ ஆர்மைத் தடுத்திருக்கிறது. கதவை மூடுமுன் இரண்டு ஆர்மையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிடும் பழக்கம் பல புகார்களை வரவிடாமல் செய்யும்.

ஆர்மைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் விதைகளும் துகள்களும் மாட்டியிருக்கின்றன. துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி, குழாய் நீரை அதன் நடு வாயில் விட்டு அலசுங்கள். துளைகளில் சில ஓரத்தில் சாய்வாக இருப்பதைக் கவனிக்கலாம். ஆர்மைச் சுழற்ற மோட்டார் எதுவும் இல்லை; அந்தச் சாய்வுத் துளைகளில் பீய்ச்சும் தண்ணீரின் எதிர்விசையால்தான் அது சுற்றுகிறது. அவற்றில் ஒன்றிரண்டு அடைந்தாலே சுழற்சி நின்று, ஒரே இடத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும். ஆர்மின் இரண்டு பாதிகள் ஒட்டிய தையல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டிருந்தால் அழுத்தம் அங்கே கசிந்து போய்விடும்; ஒட்டுவதில் பயனில்லை, புதிதாக மாற்றுங்கள்.

பிசுபிசுப்பு எண்ணெய்ப் படலம் இருந்தால் சூடு போதவில்லை, அல்லது சோப்பு போதவில்லை. ஈகோ புரோகிராம் சுமார் 50 டிகிரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுவது பழுதல்ல. சூட்டில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் ஈடுகட்டுகிறது. ஆனால் தினமும் அதையே ஓட்டினால் ஹோஸிலும் குழியிலும் கொழுப்பு படியும். மாதம் இரண்டு முறையாவது 65 முதல் 70 டிகிரி புரோகிராமை ஓட்டுங்கள். 70 டிகிரியில் ஓட்டியும் நடுவில் கதவைத் திறந்தால் ஆவி வரவில்லை, தட்டு குளிர்ந்திருக்கிறது என்றால் ஹீட்டர் வேலை செய்யவில்லை.

இனி வெள்ளைப் படலம். இதில்தான் அதிகம் பேர் தவறாக முடிவெடுக்கிறார்கள். மங்கிய கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து, சிட்ரிக் அமிலக் கரைசலையோ வினிகரையோ பாதியளவில் மட்டும் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். தேய்த்த பாதி பளிச்சென்றால் அது சுண்ணாம்புப் படிவு. கடின நீரின் வேலை. இரண்டு பாதியும் ஒன்றுபோல மங்கலாக, விளிம்போரம் வானவில் சாயலோடு இருந்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. இது திரும்பாது. மிக மென்மையான நீர், அதிகச் சூடு, அதிகச் சோப்பு மூன்றும் சேர்ந்தால் இப்படி ஆகும். முன்னதற்கு உப்பும் நீர் மென்மையாக்கலும் கூட்ட வேண்டும், பின்னதற்குக் குறைக்க வேண்டும். சோதிக்காமல் உப்பை ஏற்றினால் கண்ணாடி இன்னும் வேகமாகக் கெடும்.

பாத்திரத்தைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு உள்ளே அடுக்குவதும் வேண்டாம். எச்சத்தைத் தட்டிவிட்டால் போதும். சென்சார் உள்ள இயந்திரங்கள் தண்ணீரின் கலங்கலைப் பார்த்துத்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. எல்லாம் சுத்தமாக இருந்தால் சீக்கிரமே முடித்துவிடும். ஓரமாக ஒட்டியிருந்த ஒரு காய்ந்த துணுக்கு அப்படியே தங்கிவிடும்.

உள்ளே போடும் பொருட்கள்: எதற்கு எங்கள் வாக்கு

பவுடருக்குத்தான் முதலிடம். அதில் புரதத்தையும் மாவுப்பொருளையும் உடைக்கும் என்சைம்களும், தேநீர், காபிக் கறையை வெளுக்கும் சோடியம் பெர்கார்பனேட்டும் சேர்ந்திருக்கும். அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது இன்னொரு பலம்: முழு லோடுக்கு 20 முதல் 25 கிராம், பாதி லோடுக்கு அதற்கேற்றாற்போல. சில நாடுகளில் பாஸ்பேட்டைத் தடுத்த பிறகு, குறிப்பாக ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல், கடின நீரைச் சமாளிக்கும் வேலை உப்பின் தலையில் முன்பைவிட அதிகமாக விழுந்திருக்கிறது. பவுடரும் உப்பும் ரின்ஸ் எய்டும் (கடைசி அலசலில் சேர்ந்து, சொட்டு நிற்காமல் வழியவிடும் திரவம்) தனித்தனியாக வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதுவே.

மாத்திரை வசதிதான், ஆனால் அளவு நிலையானது. 30 நிமிட விரைவுப் புரோகிராமில் முழுதாகக் கரையாமல் மூலையில் பிசினாகக் கிடக்கும். சோப்பு அறை ஈரமாக இருக்கும்போது வைத்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும். கரண்டிக் கூடையில் போடுபவர்களும் இருக்கிறார்கள். முன்கழுவலிலேயே கரைந்து வடிகாலோடு போய்விடும், முக்கியக் கழுவலுக்கு ஒன்றும் மிஞ்சாது. அறையின் மூடி திறக்காமல் மாத்திரை அப்படியே இருந்தால் எதிரே உயரமான தட்டோ தாம்பாளமோ மூடியை மறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'எல்லாம் ஒன்றில்' என்று எழுதிய மாத்திரைகள் சுமார் 21 ஜெர்மன் டிகிரி கடினம் வரைதான் உப்பில்லாமல் தாங்கும். ஒரு ஜெர்மன் டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். ஆக 375 மில்லிகிராமைத் தாண்டும் நீருக்கு உப்பு கட்டாயம். ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் சோதனைத்தாளில் ஒருமுறை நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஜெல்லை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஈரத்தில் ப்ளீச்சும் என்சைமும் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதால் பெரும்பாலான ஜெல்களில் ப்ளீச் இருக்காது. கோப்பையின் உள்ளே பழுப்பு வளையம் நாளுக்கு நாள் அழுத்தமாகிறதென்றால் காரணம் அதுதான். கையால் கழுவும் சோப்புத் திரவத்தை ஒரு துளிகூட ஊற்ற வேண்டாம். நுரை பொங்கினால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கதவோரம் நுரை வழியும். ஊற்றிவிட்டால் புரோகிராமை ரத்து செய்து, நுரையை அள்ளி எடுத்து, குளிர்ந்த நீர் ஊற்றி ஊற்றிப் பல முறை வடித்துவிடுங்கள்.

உப்பு பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உப்பு அறையோடு இணைந்த பகுதியில் இருப்பது அயனி மாற்றும் பிசின் மணிகள். அவை நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துச் சோடியத்தை விடும். நிறைந்ததும் உப்புக் கரைசல் அவற்றைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அதனால் டிஷ்வாஷருக்கென்றே விற்கும் பெரிய பரல் உப்பு வேண்டும். சமையல் உப்பின் நுண்பொடி கட்டியாகிப் பாதையை அடைக்கும். முதல் தடவை மட்டும் அறையைத் தண்ணீரால் நிரப்பி, பிறகு புனல் வழியே ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை கொட்டுங்கள். தண்ணீர் வழிவது இயல்பு. மூடியின் விளிம்பில் ஒரு பரல் இருந்தாலும் துடைத்துவிட்டு மூடுங்கள். அந்த ஒரு பரல் மூடியைத் தூக்கி வைத்தால் உப்புக் கரைசல் கழுவும் நீரில் கலந்து, பாத்திரமெல்லாம் உப்புச் சுவையும் வெண்படலமுமாக வரும். உப்பிட்ட உடனே ஒரு புரோகிராமை ஓட்டுங்கள். சிந்திய உப்பு நீர் இரவு முழுக்க நின்றால் துருப்பிடிக்காத எஃகிலும் புள்ளி விழும்.

ரின்ஸ் எய்டின் அளவைத் திரையில் ஒவ்வொரு படியாக மாற்றிச் சோதியுங்கள். கண்ணாடியில் சொட்டுத் தடம் இருந்தால் ஒரு படி கூட்டுங்கள். நீலச்சாயல் கோடுகளோ நுரையோ தெரிந்தால் ஒரு படி குறையுங்கள். அதற்குப் பதில் வினிகரை ஊற்றச் சொல்லும் யோசனை நல்லதல்ல. அறையின் ரப்பர் சீல்கள் நாளடைவில் கெட்டுவிடும்.

காயவில்லை

பெரும்பாலான இயந்திரங்களில் காற்றடித்துக் காய வைக்கும் அமைப்பு கிடையாது. கடைசி அலசலில் பாத்திரம் சூடாகி, அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகி, குளிர்ந்த எஃகுச் சுவரில் படிந்து வடிகிறது. பீங்கானும் எஃகும் சூட்டைப் பிடித்து வைக்கும், காய்ந்துவிடும். பிளாஸ்டிக் டப்பா சூட்டைச் சீக்கிரம் இழப்பதால் ஈரமாகத்தான் வரும். எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும் இந்த இயற்பியல் மாறாது. போஷ், சீமன்ஸ் சில மாடல்களில் ஜியோலைட் என்ற கனிமம் ஈரத்தை உறிஞ்சி வெப்பத்தை விடுகிறது. பிளாஸ்டிக் அதிகம் கழுவும் வீட்டுக்கு இது உண்மையிலேயே பயன்படும் அமைப்பு. முடிந்ததும் தானாகக் கதவைத் திறக்கும் மாடல்களும் நன்றாகக் காய வைக்கின்றன. இரண்டும் இல்லாதவர்கள் முடிந்து பத்து நிமிடம் கழித்துக் கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். கீழ் ரேக்கை முதலில் காலி செய்யுங்கள். மேலே குழிந்த கோப்பைகளில் தேங்கிய நீர் கீழே கொட்டாது. எல்லாமே ஈரமாக வந்தால், பீங்கான் உட்பட, ரின்ஸ் எய்ட் தீர்ந்திருக்கிறது அல்லது கடைசிச் சூடு ஏறவில்லை.

கசிவும் ட்ரிப்பும்

கதவின் கீழ் மூலையில் சொட்டுவதற்கு ரப்பர் பட்டியைக் குறை சொல்லுமுன் நீர்மட்டக் கருவியை வைத்துப் பாருங்கள். இயந்திரம் முன்பக்கம் சாய்ந்திருந்தால் புதுப் பட்டி போட்டும் கசியும். மட்டம் சரி என்றால், கீழ் விளிம்பில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கதவின் அடி விளிம்பு தண்ணீர் அடிக்கும் இடத்தில் இல்லாததால் அங்கே கொழுப்பு படிந்துகொண்டே போகும். அந்தப் படிவு பட்டியை முழுதாக ஒட்டவிடாது. நாற்றத்துக்கும் பாதிக் காரணம் இந்த விளிம்புதான். பட்டி விறைத்துப்போயிருந்தாலோ மூலையில் வெடித்திருந்தாலோ மட்டும் மாற்றுங்கள்.

புரோகிராம் தொடங்கிப் பத்து பதினைந்து நிமிடத்தில், தண்ணீர் சூடேறும் கட்டத்தில் எர்த் கசிவு ட்ரிப்பர் விழுந்தால் ஹீட்டர்தான் முதல் குற்றவாளி. திரும்பத் திரும்ப ஏற்றிவிட்டு ஓட்டாதீர்கள். தண்ணீரும் உலோகமும் சேர்ந்த இயந்திரம் இது, உயிருக்கு ஆபத்து. பிளக்கைப் பிடுங்கியபின் எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரால் ஹீட்டரின் இரு முனைக்கிடையே அளந்தால், 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டருக்குச் சுமார் 26 ஓம் வர வேண்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. முனைக்கும் உடலுக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று இன்சுலேஷன் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்; சாதாரண மீட்டருக்கு அது அகப்படாமல் போகலாம்.

எதைப் பழுது பார்க்கலாம், எதை வாங்கலாம்

ஃபில்டர், ஸ்ப்ரே ஆர்ம், வடிகால் பம்ப், உள்வரும் வால்வு, கதவுப் பட்டி, ரேக் சக்கரம், கதவைத் தாங்கும் கயிறும் ஸ்பிரிங்கும்: இவை எல்லாம் எந்த வயதான இயந்திரத்திலும் தயங்காமல் மாற்றத்தக்கவை. கதவு திடீரென்று கனமாகி விழுந்தால் ஒரு பக்கக் கயிறு அறுந்திருக்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள், இன்னொன்றும் அதே வயதுதான். புதிய மாடல்கள் பலவற்றில் ஹீட்டரும் சர்க்குலேஷன் பம்பும் ஒரே உறுப்பாக வருகின்றன. ஹீட்டர் மட்டும் போனாலும் முழு உறுப்பையும் மாற்ற வேண்டும். பத்து வயது தாண்டிய இயந்திரத்தில் இது போனால் இரண்டு தடவை யோசியுங்கள்.

கடையில் நிற்கும்போது கீழ் ரேக்கை இழுத்து வெளியே எடுத்துவிட்டு ஃபில்டரைத் திருகிப் பாருங்கள், குழிக்குள் டார்ச் அடித்துப் பம்ப் மூடி தெரிகிறதா என்று தேடுங்கள், மேல் ஆர்மைக் கழற்றச் சொல்லுங்கள். மூன்று அடுக்கு ஃபில்டரும், கையால் கழலும் ஆர்மும், அடித்தட்டில் மிதவை ஸ்விட்சும், உப்பு அறையும் உள்ள எளிய மாடல், வைஃபையும் பதினான்கு புரோகிராமும் உள்ள மாடலைவிட நீண்ட நாள் உழைக்கும். வாங்கிய அன்றே கதவின் மேல் அல்லது பக்க விளிம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து வையுங்கள். மாடல் எண்ணும் தயாரிப்பு எண்ணும் அதில்தான் இருக்கும். ஒரே மாடலிலேயே தயாரிப்பு வரிசையைப் பொறுத்து வடிகால் பம்பின் பொருத்தும் முறை மாறும், அந்த எண் இல்லாமல் சரியான பாகம் கிடைக்காது.